பங்குதாரர் போட்ட வழக்கும் பாஸ்போர்ட் பறிபோன கதையும்

பி.காம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு ரெண்டு மார்க் கேள்வி உண்டு. 'இந்தியாவில் வங்கிகள் எப்போது தேசியமயமாக்கப்பட்டன?' 1969 ஜூலை 19, மொத்தம் 14 வங்கிகள் என்று எழுதினால் முழு மார்க். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அந்தப் பட்டியலில் உண்டு என்று சேர்த்து எழுதினால் திருத்துகிறவர் கொஞ்சம் சந்தோஷப்படுவார். அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

1970 பிப்ரவரி 10-ம் தேதி என்ன நடந்தது என்று எந்தத் தாளிலும் கேட்பதில்லை. அன்றைக்குத்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தேசியமயச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு சொன்னது. 11 நீதிபதிகள் அமர்ந்த வழக்கு. 10 பேர் ஒரு பக்கம், ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம். வழக்குப் போட்டவர் ஆர்.சி.கூப்பர், சில வங்கிகளில் பங்கு வைத்திருந்தவர். அவருக்காக வாதாடியவர் நானி பல்கிவாலா.

இந்தத் தீர்ப்பை வங்கித் துறை மறந்துவிட்டது. மறக்கக் காரணமும் இருக்கிறது. நாலே நாளில், பிப்ரவரி 14-ம் தேதி, இந்திரா காந்தி அரசு இன்னொரு அவசரச் சட்டம் கொண்டுவந்து அதே 14 வங்கிகளை மறுபடியும் எடுத்துக்கொண்டது, அதுவும் பழைய 1969 ஜூலை 19 தேதியிலிருந்தே அமலுக்கு வருவதாக. கூப்பர் ஜெயித்தார், ஆனால் வங்கி திரும்பக் கிடைக்கவில்லை. கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் முடியவில்லை. வங்கிக்காகப் போட்ட அந்த வழக்கில் போகிற போக்கில் எழுதப்பட்ட ஒரு விளக்கம், அப்புறம் பத்திரிகைச் சட்டத்துக்குப் போனது. அங்கிருந்து பாஸ்போர்ட் சட்டம், பிளாட்பாரவாசிகள், பாலாற்றுத் தோல் கழிவு, ஆதார், தேர்தல் பத்திரம் என்று ஒரு சுற்று சுற்றி, இன்றைக்கு வருமான வரி அதிகாரி லேப்டாப்பைத் திறக்கலாமா என்கிற கேள்வியில் வந்து நிற்கிறது. சட்டத்தை 'இது வணிகச் சட்டம், அது கிரிமினல் சட்டம், அது அரசியல் சாசனம்' என்று தனித்தனி நோட்டில் எழுதிப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பயணம் கண்ணில் படவே படாது. அதுதான் இங்கே பிரச்சினை.

முதலில் அந்த வழக்கையே கொஞ்சம் பார்ப்போம். வணிகவியல் மாணவர்களுக்கு அதில் அடுக்கடுக்காகத் தெரிந்த விஷயங்கள் வரும்.

அரசின் முதல் ஆட்சேபம், கூப்பர் வழக்கே போட முடியாது என்பது. நிறுவனம் வேறு, பங்குதாரர் வேறு. இது கம்பெனிச் சட்டத்தில் முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவது. சாலமன் வழக்கு தெரியாமல் யாரும் அந்தத் தாளைத் தாண்டுவதில்லை. இந்தியாவிலும் 1954-ல் ஒரு வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியிருந்தது. தேயிலைக் கம்பெனியின் வருமானத்தில் 60 சதவீதம் விவசாய வருமானம் என்று வரி விலக்கு. அந்தக் கம்பெனியின் பங்குதாரர் ஒருவர் 'எனக்கு வந்த டிவிடெண்டும் அந்த விகிதத்தில் விவசாய வருமானம்தானே' என்று கேட்டார். இல்லை, பங்குதாரர் கம்பெனியின் சொத்துக்குச் சொந்தக்காரர் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. போதாக்குறைக்கு 1963-ல் இன்னொரு தீர்ப்பு, கம்பெனி இந்தியக் குடிமகன் இல்லை, அதனால் குடிமக்களுக்கு மட்டும் உரிய உரிமைகளைக் கேட்க முடியாது என்று. ஆக, வங்கி கேட்டால் 'நீ குடிமகன் இல்லை', பங்குதாரர் கேட்டால் 'சொத்து உன்னுடையது இல்லை'. இரண்டு கதவும் சாத்தியாகிவிட்டது!

கூப்பர் வழக்கில் நீதிமன்றம் இந்தப் பூட்டைத் திறந்த விதம் எளிமையானது. அரசின் நடவடிக்கை கம்பெனியைக் குறிவைத்ததா, பங்குதாரரைக் குறிவைத்ததா என்று பார்க்காதே. அதன் விளைவு யார் தலையில் விடிகிறது என்று பார். கம்பெனியின் உரிமையோடு சேர்ந்து பங்குதாரரின் உரிமையும் அடிபட்டால் அவர் வழக்குப் போடலாம்.

அடுத்தது இழப்பீடு. அரசு சொன்ன கணக்கு, சொத்தில் கடனைக் கழித்தால் மிச்சம் இழப்பீடு. நற்பெயரைக் கணக்கில் சேர்க்கவில்லை. குத்தகைக் கட்டடங்களில் மீதமிருக்கும் குத்தகைக் காலத்தின் மதிப்பையும் சேர்க்கவில்லை. கூட்டாண்மைக் கணக்கில் நற்பெயரை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு பாடம் முழுக்கக் கணக்குப் போட்டு கை ஓய்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். பல வருடம் தொழில் செய்த வங்கிக்கு நற்பெயர் மதிப்பு பூஜ்யமா? நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த 14 வங்கிகளை மட்டும் வங்கித் தொழிலே செய்யக்கூடாது என்று தடுத்ததும் பாரபட்சம் என்றது.

இதெல்லாம் வங்கி விவகாரம். ஆனால் இந்த முடிவுகளுக்கு வருவதற்கு நீதிபதிகள் ஒரு பழைய தீர்ப்பைத் தாண்டவேண்டியிருந்தது. அது சென்னை மாகாணத்தில் பிறந்த தீர்ப்பு.

கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனை சென்னை மாகாண அரசு தடுப்புக் காவலில் வைத்திருந்தது. 1950-ல் 'கோபாலன் எதிர் சென்னை மாநிலம்' என்று வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அரசியல் சாசனம் அமலுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அப்போது பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது இதுதான்: பேச்சுரிமை, நடமாடும் உரிமையெல்லாம் பிரிவு 19. உயிர், உடல் சுதந்திரம் பிரிவு 21. ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லை. தனித்தனி டப்பா. தடுப்புக் காவல் சட்டத்தை 21 என்கிற டப்பாவை வைத்து மட்டும் பார், 19-ஐத் திறக்காதே. நாடாளுமன்றம் ஒரு நடைமுறை எழுதியிருக்கிறதா, அது போதும், அது நியாயமான நடைமுறையா என்று கேட்காதே. நீதிபதி ஃபசல் அலி ஒருவர்தான் இந்த உரிமைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்று மாறுபட்டு எழுதினார். அவர் சொன்னது இருபது வருடம் அலமாரியில் தூங்கியது.

தட்டி எழுப்பியது கூப்பர் வழக்கு. சொத்துரிமை என்கிற டப்பாவை மட்டும் பார்த்தால் வங்கிச் சட்டம் தப்பித்திருக்கலாம். உரிமைகளை அப்படித் தனித்தனியாகப் பார்க்கக்கூடாது, சட்டத்தின் நோக்கம் என்ன என்று மட்டும் பார்க்கக்கூடாது, அதன் நேரடி விளைவைப் பார்க்கவேண்டும் என்று சொல்லித்தான் 10 நீதிபதிகள் கோபாலன் வழியைக் கைவிட்டார்கள். சிறையில் இருந்த ஒரு கம்யூனிஸ்டுக்கு 1950-ல் மறுக்கப்பட்ட வாதம், 1970-ல் ஒரு வங்கிப் பங்குதாரருக்குக் கிடைத்தது. இதில் இருக்கிற நக்கலைத் தனியாக விளக்கவேண்டியதில்லை :-)

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கூப்பர் எதற்காக வழக்குப் போட்டாரோ அந்தச் சொத்துரிமை கொஞ்ச காலத்தில் இல்லாமலே போய்விட்டது. 1971-ல் 25-வது திருத்தம் கொண்டுவந்து 'இழப்பீடு' என்கிற சொல்லையே எடுத்துவிட்டு 'தொகை' என்று போட்டார்கள். இழப்பீடு என்றால்தானே போதுமா என்று கேட்பாய், தொகை என்றால் கேட்க முடியாதே! 1978-ல் 44-வது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது. ஜனதா அரசு செய்தது அது. வழக்கின் உடல் செத்துப்போனது. அதற்குள் இருந்த அந்த 'விளைவைப் பார்' என்கிற விளக்கம் மட்டும் வேறு உடம்புகளில் ஏறிக்கொண்டது.

முதலில் ஏறியது பத்திரிகை மீது. அரசு நியூஸ்பிரிண்ட் பங்கீட்டில் ஒரு விதி போட்டு, பத்திரிகைகள் 10 பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்றது. காகிதத் தட்டுப்பாடு, இது இறக்குமதிக் கொள்கை, பேச்சுரிமைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது அரசின் வாதம். 1972-ல் பென்னட் கோல்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளைவைப் பார்த்தது. பக்கம் குறைந்தால் செய்தி குறையும், விளம்பரம் குறையும், பேச்சு குறையும். விதி செல்லாது. இதில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஏ.என்.ரே. யார் இவர்? கூப்பர் வழக்கில் எதிர்ப்பக்கம் நின்ற அந்த ஒரே நீதிபதி. தான் தோற்ற வழக்கின் தர்க்கத்தை இரண்டே வருடத்தில் தன் கையாலேயே எழுதவேண்டியிருந்தது. (1973-ல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி இவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள் என்பது தனிப்பதிவுக்கான விஷயம்.)

அப்புறம் 1977. நெருக்கடி நிலை முடிந்து ஜனதா ஆட்சி. மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை 'பொதுநலன் கருதி' முடக்கினார்கள். காரணம் கேட்டதற்கு, பொதுநலன் கருதி காரணம் சொல்ல முடியாது என்றார்கள். 1978 ஜனவரி 25-ல் வந்த தீர்ப்பு கூப்பர் காட்டிய வழியிலேயே போய், 14, 19, 21 மூன்றையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும், நடைமுறை என்று ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாக இருக்கவேண்டும் என்றது. 28 வருடம் கழித்து கோபாலனின் வாதம் முழுசாக ஜெயித்தது. அவர் அதற்கு முந்தைய வருடமே, 1977-ல், காலமாகிவிட்டார்.

மேனகா காந்தி வழக்கில் கவனிக்கவேண்டிய ஒரு சங்கதி, அவர் கைக்கு அந்தத் தீர்ப்பால் பாஸ்போர்ட் வந்துவிடவில்லை. அவர் தரப்பு விளக்கத்தைக் கேட்டு முடிவெடுப்போம் என்று அரசு உறுதி கொடுத்தது, நீதிமன்றம் அதை ஏற்று அப்படியே விட்டுவிட்டது. 1985-ல் பம்பாய் பிளாட்பாரவாசிகள் வழக்கும் அப்படித்தான். பிழைப்பு இல்லாமல் உயிர் ஏது, பிழைப்புரிமையும் உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று தீர்ப்பில் அழகாக எழுதினார்கள். கடைசியில், மழைக்காலம் முடியட்டும், அக்டோபர் 31 வரை அகற்றாதே, அப்புறம் அகற்றிக்கொள் என்றார்கள். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் போகவேண்டியதுதான். அவர்கள் பெயரால் வந்த வாசகத்தை வைத்து அப்புறம் எத்தனையோ வழக்குகளில் வேறு யார் யாரோ பயன்பெற்றார்கள்.

தீர்ப்பு வந்த அன்று தொலைக்காட்சியில் நடக்கும் விவாதத்தைப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. 'வெற்றி', 'பின்னடைவு', 'அரசுக்குக் குட்டு' என்று மூன்று சொல்லுக்குள் முடிந்துவிடும். கல்லூரிப் பட்டிமன்றத்திலும் 'தீர்ப்பு சரியா தவறா' என்பதே தலைப்பு. யார் ஜெயித்தார்கள் என்பது மறுநாள் காலாவதியாகிவிடுகிற விஷயம். எந்தக் காரணத்தைச் சொல்லி ஜெயித்தார்கள் என்பதுதான் அடுத்த முப்பது வருடத்துக்கு வேறு வேறு துறைகளில் வட்டி போட்டு வளர்கிறது. அதைப் படிக்க 300 பக்கம் புரட்டவேண்டும் என்பதால் யாரும் புரட்டுவதில்லை.

தமிழ்நாட்டில் இந்த வட்டியைக் கட்டியவர்களும் வாங்கியவர்களும் உண்டு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றிலும் சுற்றியுள்ள நிலத்திலும் கழிவைக் கொட்டின. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே சீர்செய்யும் செலவையும் ஏற்கவேண்டும் என்கிற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. எங்கிருந்து எடுத்தார்கள் அதை? பிரிவு 21-லிருந்தும்தான். கோபாலன் காலத்து 21-ஐ வைத்துக்கொண்டு தோல் தொழிற்சாலைக்கு அபராதம் போட்டிருக்கவே முடியாது. மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கு அந்தப் பிரிவை அகலமாக்கி வைத்திருந்ததால்தான் தண்ணீரும் காற்றும் அதற்குள் நுழைய முடிந்தது.

ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு வசதி இல்லாவிட்டால் மூடு என்று உத்தரவு. சென்னை உயர் நீதிமன்றத்தில் இதைக் கவனிக்கத் தனி பசுமை அமர்வு அமைக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து ஒரு தொழிற்சாலையின் செலவுக் கணக்கில் கழிவுநீரும் ஒரு வரி ஆகிவிட்டது. அடக்கவிலையில் இதைச் சேர்ப்பதா, சின்னத் தொழிற்சாலை எப்படித் தாங்கும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் யார் பங்கு எவ்வளவு என்று பேச்சு பொருளாதாரப் பக்கம் திரும்பியது. சட்டத்தில் பெரிய வெற்றி. தண்ணீரில்? 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதே பாலாறு, அதே தோல் கழிவு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு என்று மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுதவேண்டியிருந்தது. வாசகம் வேகமாகப் பயணம் செய்கிறது. தண்ணீர் அவ்வளவு வேகமாகச் சுத்தமாவதில்லை.

அடுத்தது அந்தரங்க உரிமை. இங்கேயும் ஆரம்பம் கம்பெனி விவகாரம்தான். டால்மியா ஜெயின் ஏர்வேஸ் என்கிற கம்பெனி திவாலாகி, கணக்கில் முறைகேடு என்று விசாரணை வந்து, பல இடங்களில் சோதனை போட்டு ஆவணங்களை அள்ளினார்கள். 1954-ல் எம்.பி.சர்மா வழக்கில் 8 நீதிபதிகள், சோதனைக்கு எதிராக அந்தரங்க உரிமை என்று ஒன்றை நம் அரசியல் சாசனத்தில் இறக்குமதி செய்ய இடமில்லை என்றார்கள். ஒரு கம்பெனி மோசடி வழக்கின் வரி அது. அது 63 வருடம் கழித்து ஆதார் வழக்கில் அரசுக்குக் கேடயமாக வந்தது. 8 நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள், இந்தியனுக்கு அந்தரங்கம் அடிப்படை உரிமை இல்லை என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 8-ஐத் தாண்ட 9 பேர் வேண்டுமே. 2017-ல் 9 நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு. ஆகஸ்ட் 24-ம் தேதி ஒன்பது பேரும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். பழைய தீர்ப்புகள் ஏன் நிற்காது என்பதற்குச் சொன்ன முக்கியக் காரணம்: அவை கோபாலன் வழியில் உரிமைகளைத் தனித்தனி டப்பாவாகப் பார்த்தவை, கூப்பரும் மேனகாவும் அந்த வழியை எப்போதோ மூடிவிட்டன.

வங்கிப் பங்குதாரரின் பெயர் அங்கே வந்து நிற்கிறது, பாருங்கள். அங்கிருந்து ஒரே வருடத்தில் மூன்று தீர்ப்புகள். 2018 செப்டம்பர் 6, ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377 தளர்ந்தது. செப்டம்பர் 27, பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497 போனது. நடுவில் செப்டம்பர் 26, ஆதார். அதில் தனியார் கம்பெனிகள் ஆதார் கேட்கும் 57-வது பிரிவும் வங்கிக் கணக்கோடு இணைக்கவேண்டும் என்ற விதியும் அடிபட்டன. பான் அட்டையோடு இணைப்பது மட்டும் தப்பித்தது. ஆதார் நின்றது. புட்டசாமியும் கூப்பர் மாதிரிதான், கொள்கையில் ஜெயித்து, கேட்ட பொருளில் பாதிக்கு மேல் தோற்றார். பான் இணைக்காமல் விட்டு, 2023 ஜூன் 30-க்குள் 1,000 ரூபாய் கட்டணம் கட்டிய ஒவ்வொருவரும் அந்தப் பாதித் தோல்விக்கு ஒரு பங்கு கட்டியவர்களே.

இதுவரை படித்தால் நல்ல வாசகம் பரவுகிறது, உரிமை வளர்கிறது, சந்தோஷம் என்று தோன்றும். அப்படி மட்டும் இல்லை. பரவுகிற வாசகத்தைப் பலமானவர்களும் எடுத்துக்கொள்வார்கள். சொல்லப்போனால் அவர்களிடம்தான் நல்ல வக்கீல் இருக்கிறார்.

தேர்தல் பத்திர வழக்கு இதற்கு சரியான உதாரணம். 2017-ல் நிதிச் சட்டம் என்கிற பெயரில் பல சட்டங்களில் கை வைத்தார்கள். வருமான வரிச் சட்டம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், கம்பெனிச் சட்டம். ஒரு கம்பெனி முந்தைய மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று கம்பெனிச் சட்டத்தின் 182-வது பிரிவில் ஒரு வரம்பு இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், யாருக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டவும் வேண்டாம். வழக்கு வந்தபோது அரசு என்ன சொன்னது தெரியுமா? நன்கொடை கொடுப்பவரின் அந்தரங்க உரிமையைக் காக்கிறோம் என்றது! 2017-ல் இந்தியனுக்கு அப்படி ஒரு உரிமையே கிடையாது என்று வாதிட்ட அதே அரசு.

2024 பிப்ரவரி 15-ல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள். சாதாரண ஆளின் அரசியல் சார்பு அந்தரங்கம்தான், ஆனால் கொள்கை முடிவை வாங்குவதற்காகத் தரப்படும் பணத்துக்கு அந்தப் போர்வை கிடையாது, வாக்காளருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்றார்கள். 7.5 சதவீத வரம்பை நீக்கியதும் செல்லாது. ஒரே தீர்ப்பில் வரிச் சட்டம், தேர்தல் சட்டம், கம்பெனிச் சட்டம் மூன்றும் திரும்பின.

நீதிமன்றம் விழிப்பாக இருந்தது, அந்த வாதம் அங்கே தோற்றது. நாடாளுமன்றத்தில் தோற்கவில்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அந்தரங்கத் தீர்ப்பின் பிள்ளை. அந்தச் சட்டத்தின் ஒரு மூலையில், 44-வது பிரிவில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும் ஒரு திருத்தம் ஒளிந்திருந்தது. முன்பு 'தனிப்பட்ட தகவல்' என்று மறுக்கவேண்டுமானால் அதற்குப் பொது நடவடிக்கையோடு சம்பந்தமில்லை என்றோ, தேவையில்லாமல் அந்தரங்கத்தில் தலையிடுகிறது என்றோ அதிகாரி காட்டவேண்டும். பொதுநலன் பெரிதென்றால் கொடுத்தாகவும் வேண்டும். திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவில் 'தனிப்பட்ட தகவல்' என்கிற இரண்டு சொல்தான் மிச்சம். பொதுநலனுக்காகத் தரலாம் என்கிற 8(2) இன்னும் இருக்கிறது என்று அரசு சமாதானம் சொல்கிறது. இருக்கிறதுதான். ஆனால் ரேஷன் கடை பயனாளிப் பட்டியலையோ சாலை போட்ட கான்ட்ராக்டர் பெயரையோ கேட்டு மனு போடுகிறவர், பொதுநலனை அந்த அதிகாரிக்கே புரியவைக்கவேண்டும். அரசின் கண்ணிலிருந்து குடிமகனைக் காப்பாற்றச் சொன்ன ஒரு வாசகம், குடிமகனின் கண்ணிலிருந்து அரசைக் காப்பாற்றப் போய்விட்டது. 2017-ல் ஆதார் வழக்கைக் கவனித்துக்கொண்டிருந்த ஆர்.டி.ஐ ஆர்வலர்கள் இதையும் எதிர்பார்த்து விவாதித்திருக்கவேண்டும். எல்லாரும் அவரவர் டப்பாவுக்குள் இருந்தார்கள்.

அதனால்தான் வணிகச் சட்டம் என்றால் ஒப்பந்தச் சட்டம், சரக்கு விற்பனைச் சட்டம், கார்பாலிக் புகை உருண்டைக் கம்பெனி 100 பவுண்டு தருவதாகச் சொல்லி மாட்டிக்கொண்ட 1893-ம் வருட இங்கிலாந்து வழக்கு என்று மட்டும் சொல்லித்தருவது போதாது என்று சொல்லவேண்டியிருக்கிறது. அந்த வழக்கு சுவாரஸ்யம்தான், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆடிட்டராகவோ கம்பெனி செயலராகவோ போகிறவர்களின் நாளைய தலைவலி வேறு இடத்தில் இருந்து வருகிறது.

எங்கே என்றால், 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வருமான வரிச் சட்டத்தைப் பார்க்கலாம். 2026 ஏப்ரல் 1 அமலுக்கு வரும் தேதி. சோதனைக்கு வரும் அதிகாரி முன்பு பூட்டிய பீரோவை உடைக்கலாம். புதிய சட்டம் பீரோவோடு சேர்த்து ஈமெயில், சமூக வலைத்தளக் கணக்கு, ஆன்லைன் முதலீட்டுக் கணக்கு, கிளவுட் என எல்லாவற்றையும், பாஸ்வேர்டைத் தாண்டியும் திறக்க அதிகாரம் தருகிறது. இது சரியா என்று கேட்டால் வரித்துறைக்குக் கைகொடுக்கப் பழைய தீர்ப்பு ஒன்று உண்டு. 1974, பூரண் மல் வழக்கு. சோதனையே சட்டவிரோதமாக நடந்திருந்தாலும் கிடைத்த ஆவணத்தை வரி மதிப்பீட்டில் பயன்படுத்தலாம் என்றது அது. அந்தத் தீர்ப்பு எதன் மேல் சாய்ந்து நின்றது? எம்.பி.சர்மா. அந்தரங்க உரிமை இல்லை என்று 1954-ல் சொன்ன அதே தீர்ப்பு. அடியில் இருந்த கல்லை 2017-ல் உருவியாகிவிட்டது. மேலே இருக்கும் சுவர் நிற்குமா விழுமா என்பது வரிச் சட்டத்துக்குள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்கிற கேள்வி இல்லை. கறுப்புப் பணத்தைப் பிடிக்கவேண்டாமா என்றால், பிடிக்கவேண்டும்தான். அதற்கு நீதிபதியின் அனுமதி ஒன்று முன்கூட்டியே வாங்கிவிட்டு பாஸ்வேர்டைக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்பதுதான் கேள்வி. அதிகாரியே காரணம் எழுதி, அதிகாரியே ஒப்புதல் கொடுத்து, அதிகாரியே திறப்பது, 1978-க்குப் பிந்தைய 'நியாயமான நடைமுறை'க்குள் எப்படி அடங்கும்?

ஒரு சின்ன ஊர் ஆடிட்டர் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே லேப்டாப், அதில் ஜவுளிக்கடை, அரிசி ஆலை, மருந்துக்கடை, டாக்டர் என்று நாற்பது பேரின் கணக்கு. சோதனை ஜவுளிக்கடைக்காரர் மேல். லேப்டாப் திறந்தால் மீதி முப்பத்தொன்பது பேரும் மேஜை மேல் வந்துவிடுவார்கள். அவர்களில் யாரும் நோட்டீஸ் வாங்கவில்லை, யார் மேலும் புகார் இல்லை. சோதனை யாரைக் குறிவைத்தது என்று பார்ப்பதா, விளைவு யார் தலையில் விடிகிறது என்று பார்ப்பதா? முப்பத்தொன்பது பேரில் ஒருவர் நீதிமன்றம் போனால், அவருடைய வக்கீல் முதலில் எடுத்து நீட்டவேண்டிய தீர்ப்பு 1970 பிப்ரவரி 10-ம் தேதியிட்டது.